பின் கதவின் பச்சை

அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் மேட்சிங் அக்கா என்பார்கள். பத்தடிக்கு எட்டடிக் கடை. சுவர் நிறைய நூல்கண்டு, லைனிங் துணி, பட்டன், ஜிப். சிவப்பு என்று கேட்டால் நாற்பத்திரண்டு கண்டு எடுத்துப் போடுவாள். யாராவது துணியைக் கொண்டுவந்து நீட்டினால் கடைக்குள் வைத்துப் பார்க்கமாட்டாள். வாசலுக்கு இறங்கி வெயிலில் விரித்து, நூலைக் குறுக்கே போட்டு, கிட்டே ஒரு பார்வை, தள்ளி நின்று ஒரு பார்வை. "ட்யூப்லைட்ல கலர் பாக்கறதுக்குக் கண்ண மூடிக்கிட்டே எடுத்துட்டுப் போயிடலாம்" என்பாள். உள்மடிப்பிலிருந்து வெட்டின துண்டைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். உள்மடிப்பு வெயிலும் பார்க்காது, சோப்பும் பார்க்காது. அதற்கு நூல் எடுத்தால் மேல்துணிக்கு ஒட்டாது. "முழுத் துணியையும் எடுத்துட்டு வா. நான் ஒண்ணும் தின்னுடமாட்டேன்."

இருபத்தாறு வருஷமாக இதுதான் தொழில். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை விளக்குப் போட்ட நேரத்தில், டிங்கரிங் பட்டறையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தன் காரைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி, தன்மேலேயே வந்தது.

கார் பதினோரு வருஷத்துப் பச்சைக் கார். வாங்கும்போது இலைப்பச்சை. வீட்டு முன்னால் மறைப்பில்லாமல் நின்று நின்று, ஊறவைத்த பயறு மாதிரி வெளிறிப்போயிருந்தது. அவள் அதை அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு மாமனாரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வைத்திருந்தாள்.

மாமனாருக்கு எண்பத்தொரு வயது. பஸ்ஸில் டிக்கெட் செக்கராக முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருஷம் ஆகிறது. ஞாபகம் கழன்று போக ஆரம்பித்து இரண்டு வருஷம். கிழமை தெரியாது, சாப்பிட்டது தெரியாது, மகனைச் சில நாள் தன் டிரைவர் என்று நினைப்பார். டிக்கெட் மட்டும் மறக்கவில்லை. காரில் ஏறுமுன் கையை நீட்டுவார். கடைப் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவள் கொடுக்க வேண்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஒரு கீறல் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு பின்பக்கமாக நடந்து, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பெட்ரோல் மூடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "இது செல்லாது" என்பார். ஒவ்வொரு தடவையும். "சரி மாமா, எழுதி வச்சுக்கறேன்" என்று அவள் சொன்னால்தான் இடது பின் கதவு வழியாக ஏறுவார். வீட்டில் எல்லோரும் இதற்குச் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார். அப்பாவைப் பார்த்து மனசு கஷ்டப்படுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின வாரம் டயாலிசிஸ் சென்டர் வாசலில் கார் நின்றிருந்தபோது ஒரு வேன் பின்னுக்கு வந்து அந்த இடது பின் கதவை நசுக்கிவிட்டது. சனிக்கிழமை சிகிச்சை முடிந்ததும் காரைப் பட்டறையில் விட்டாள். செவ்வாய்க்குள் வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தாள். திங்கள் சாயங்காலம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் சரி.

செவ்வாய் காலை ஆறரைக்கு மாமனாரைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏறுங்க மாமா."

"எதுல?"

"நம்ம வண்டிலதான்."

"கதவு எங்க?"

"இதோ இருக்கே."

"அங்க ஓட்டையில்ல இருக்கு? கதவில்லாத வண்டில பாசஞ்சர ஏத்தறியா? எந்த டிப்போ நீ?"

அவள் கதவைத் தட்டிக் காட்டினாள். திறந்து மூடினாள். அவர் கையை உதறிக்கொண்டு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து சாகறதுக்கா? நான் ரிப்போர்ட் எழுதறேன்!" தெருவில் மூன்று ஜன்னல் திறந்தன.

அப்போதுதான் அவள் அவர் நிற்கிற படிக்குப் போய், அவர் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். காலை வெளிச்சத்தில் கார் முழுக்க வெளிறின பச்சை. நடுவில் அந்த ஒரு கதவு மட்டும் கரும்பச்சை. வீட்டின் நிழலும் அதன்மேல் விழுந்திருந்தது. மங்கின கண்ணுக்கு அது கதவாகத் தெரியாது. பெரிய சதுரமாக ஒரு பொத்தல். ஞாபகம் தவறினவர்கள், தரையில் கறுப்புக் கால்மிதி போட்டால் கிணறு என்று நினைத்துத் தாண்டுவார்கள். அதனால்தான் வீட்டில் இருந்த கறுப்பு மிதியடியை அவளே தூக்கிப் போட்டிருந்தாள். இப்போது அதே கிணற்றைக் கார்க் கதவில் பூசிக் கொடுத்திருந்தார்கள்.

வலது பக்கமாக ஏற்றலாம் என்றால் முடியாது. அவருடைய இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் எதையும் பிடித்துப் பாரம் கொடுக்கக் கூடாது. இடது கதவு வழியாக உட்கார்ந்தால்தான் இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிற கம்பத்தை வலது கையால் பிடித்துத் திரும்ப முடியும். வாடகைக் கார் வரவழைத்தார்கள். முன்பின் தெரியாத டிரைவரைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்க் கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மணி எட்டாகிவிட்டது. சென்டரில் அவருடைய படுக்கையில் வேறு ஆளைப் படுக்கவைத்துவிட்டார்கள்.

சென்டர் சிஸ்டர் போனில் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, சனிக்கிழமை போட்டது. இன்னிக்கு மூணாவது நாள். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஒரு பெட் காலியாகுது, அவருக்கே வச்சிருக்கேன். அதையும் விட்டுட்டா மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும். அப்புறம் நேரா எமர்ஜென்சிதான். இன்னிக்குத் தண்ணி அளந்து குடுங்க. வாழைப்பழம், இளநி எதுவும் கிட்டவே போகக்கூடாது."

அவள் மாமனாரின் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி மெதுவாகத்தான் நிரம்பியது. பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணைக்கு வைத்தாள். தண்ணீர் டம்ளரில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். சாவியை எடுத்தாள்.

"நீங்களும் வாங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சே..."

"லிஃப்ட் ஒரு நாள் நின்னா ஜனங்க படியேறிப் போவாங்க. வாங்க."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல கை, பயந்த வாய். கப்பை உடைத்தால் உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அலமாரியின் பின்வரிசையில் வைக்கிற மனுஷர். முப்பது வருஷத்தில் இப்படிப் பின்வரிசையில் அவள் கண்டெடுத்தது ஏராளம். வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பட்டறை திறந்து அரை மணிதான் ஆகியிருந்தது. பட்டி தேய்த்த தூள் தரையெல்லாம் மாவு மாதிரி கிடந்தது. தின்னர் வாடை மூக்கில் ஏறியது. பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். டீ கிளாஸோடு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னக்கா, காலைலயே?"

"காரை வெளிய வெயில்ல நிறுத்திருக்கேன். வந்து பாருங்க தம்பி."

அவர் வந்தார், பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. ஆச்சரியப்படாதவன் ஏற்கெனவே பார்த்தவன்.

"மெட்டாலிக் கலருக்கா. ஆங்கிள் மாறினா மாறித் தெரியும்."

அவள் காரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தாள். "நாலு ஆங்கிள்லயும் கறுப்பாத்தான் தெரியுது."

"புதுப் பெயின்ட் அப்படித்தான் இருக்கும். வெயில்ல ஒரு மாசம் நின்னா தானா செட் ஆயிடும்."

"கார் பதினோரு வருஷம் வெயில்ல நின்னு வெளுத்திருக்கு. கதவு ஒரு மாசத்துல ஓடிப் போய்ப் புடிச்சுடுமா?"

பக்கத்தில் பம்பர் கழற்றிக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டுத் தலையைக் காருக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது. கலர் கடை வச்சிருக்கீங்கல்ல, கண்ணு அப்படியே பழகிடுச்சு. ரோட்ல போறவன் ஒருத்தனும் பாக்கமாட்டான்."

"ரோட்ல போறவன நான் ஏத்தலை. எங்க மாமாவ ஏத்தறேன். அவரு பாத்துட்டு ஓட்டைன்னு ஏறமாட்டேங்கறாரு. இன்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ணலை. நாளைக்கு ஒம்பது மணிக்குப் பண்ணலைன்னா அவரு மூச்சு நிக்கும். புரியுதா? உங்க பெயின்ட்னால ஒரு மனுஷன் உடம்புல தண்ணி ஏறிட்டிருக்கு, இந்த நிமிஷத்துல!"

கத்தவில்லை. அவள் ஆத்திரம் ஏற ஏறக் குரல் தாழ்ந்துகொண்டே போகும். கடைத்தெருவில் அவளோடு பழகினவர்களுக்கு அது தெரியும். பட்டறைக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரிக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க..."

"இன்னிக்கு."

"ஆவாதுக்கா. கலர் மேட்ச் பண்ணித்தான் அடிச்சோம். சத்தியமா! எங்க கலர்காரர் ஒரு சொட்டு மாத்தமாட்டாரு. வேணும்னா அவரையே கேளுங்க."

கலர் கலக்குகிறவரைப் பட்டறையில் சொட்டு அண்ணன் என்பார்கள். ஐம்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, நகமெல்லாம் ஏழு வர்ணம். தராசு முன்னால் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறவர். அவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து, காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றினார். அதைக் கொண்டுபோய்க் கதவின்மேல் ஒட்டவைத்தாற்போல் பிடித்தார்.

மூடி கதவோடு மறைந்தேபோயிற்று. விளிம்புக் கோடு மட்டும்தான் தெரிந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்றார். "சுலபமாக் கழட்டக்கூடியது இது ஒண்ணுதான். எந்த வண்டி வந்தாலும் மூடியக் கழட்டி வச்சுத்தான் கலர் எடுப்போம். இதுக்கு நான் அடிச்சது நூத்துக்கு நூறு. பதினாலு சாம்பிள் அட்டை அடிச்சுப் பாத்தேன்."

அவள் மூடியை வாங்கிப் பார்த்தாள். கையில் வைத்துத் திருப்பினாள். உள்பக்கம், கீல் இருக்கிற இடத்தில், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில்தான் அப்படி எழுதுவார்கள். அவள் தலையைத் தூக்கினாள். வீட்டுக்காரர் பட்டறையின் தகரக் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்?"

"இது யாரு மூடி?"

கூரையில் அப்படி என்னதான் இருந்ததோ, பார்வையை எடுக்கவில்லை.

"உங்களத்தான்."

"அது... பங்குல பெட்ரோல் போட்டுட்டு, மூட மறந்து, ரிவர்ஸ் எடுத்தேன். தூண்ல பட்டு ஒடிஞ்சுடுச்சு. பழைய சாமான் கடைல ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். மூணு வருஷம் இருக்கும். உனக்கு ஏன் டென்ஷன்னு..."

"மூணு வருஷம்."

"ஒரே பச்சைதானே! யாருக்கும் தெரியலையே!"

யாருக்கும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. அது தெரிந்த ஒரே ஆள் வாரத்துக்கு மூன்று நாள் அதைத் தட்டித் தட்டி, "இது செல்லாது" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு மகனோடு காரிலும் இருந்திருப்பார். சொல்லாதே என்று மகன் சொல்லியிருப்பான். மற்றதெல்லாம் கழன்று விழுந்தபிறகு, இது மட்டும் மேலே வந்து மிதந்திருக்கிறது. அதைப் பைத்தியக்காரப் பேச்சு என்று எழுதிவைத்துக்கொண்டவள் அவள். நாற்பத்திரண்டு சிவப்பைப் பிரித்துச் சொல்கிற கண் தினமும் அந்த மூடியைத் தாண்டிப் போயிருக்கிறது.

பட்டறைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாக்கா! தப்பு எங்க பக்கம் இல்லை. சார்தான்..."

"சார வீட்ல வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள். "நீங்க வாங்க இங்க. என் கடைக்கு ஒருத்தி உள்மடிப்புத் துண்ட எடுத்துட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? முழுத் துணியக் கேப்பேன். ஏன்னா தைக்கப்போறது மேல்துணிக்கு. நீங்க கதவ மாட்டினது மூடிக்குப் பக்கத்துலயா, முன் கதவுக்குப் பக்கத்துலயா? மாட்டினப்பறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெளிய வெயில்ல நிறுத்திப் பாத்தீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் சொட்டு அண்ணன் திறந்தார். அவருடைய தொழிலைச் சந்தேகப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"பாத்தோம்மா. திங்கக்கிழமை மத்தியானம் நானே வெளிய தள்ளிப் பாத்தேன். ஒட்டலை, மறுபடி அடிச்சுடறேன்னு சொன்னேன். இவருதான், 'வேணாம்ணே, சாயங்காலம் ஆறரைக்கு மேல வரச் சொல்லிடறேன், லைட்டுல தெரியாது'ன்னாரு."

காருக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

அவள் பட்டறைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். திங்கட்கிழமை நாலு மணிக்கே அவள் வருகிறேன் என்றதும், "பாலிஷ் ஓடிட்டிருக்குக்கா, ஆறரைக்கு வாங்க" என்று அவர் போனில் கொஞ்சினது ஞாபகம் வந்தது. இப்போதும் அவள் கத்தவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தாள். தூளைத் தட்டினாள். வாசல் நடுவில், ஒரு வண்டி உள்ளேயும் வர முடியாமல் வெளியேயும் போக முடியாமல், போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, வழில..."

"வழிலதான். கதவு முடியற வரைக்கும் நான் இங்கதான். வர்ற வண்டிக்காரங்க கேப்பாங்க, ஏம்மா உக்காந்திருக்கேன்னு. நான் சொல்லுவேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பத்தே நிமிஷத்தில் கதவைத் தேய்க்க ஆள் வந்துவிட்டான்.

மத்தியானம் வரை நடந்தது அவளுக்குப் பழகின வேலைதான். நூலுக்குப் பதில் பெயின்ட். சொட்டு அண்ணன் முன் கதவைப் பார்த்துக் கலந்து, உள்ளங்கை அளவு அட்டையில் அடித்து, காயவைத்துக் கொண்டுவருவார். அவள் அட்டையை முன் கதவின்மேல் ஒட்டிப்பிடித்துப் பார்ப்பாள், பின் சக்கரத்து மேலே வைத்துப் பார்ப்பாள், ஆறடி தள்ளிப்போய்ப் பார்ப்பாள்.

"நீலம் தூக்குது."

"ஆமா, தூக்குது" என்று அவர் போய்விடுவார்.

"இப்ப சரி. ஆனா குனிஞ்சு பாத்தா கறுக்குது."

"அலுமினியத் தூள் கொஞ்சம் பெருசாப் போடணும்."

ரெண்டு பேரும் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. எட்டாவது அட்டையை வைத்தபோது அது காரின்மேல் காணாமல் போயிற்று. சொட்டு அண்ணன் அவளைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள். கதவோடு நிறுத்தாமல் முன் கதவின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் கொஞ்சம் தூவிக் கலைத்துவிட்டால்தான் கோடு தெரியாது என்று அவராகவே சொன்னார். பட்டறைக்காரர் அதற்கு முனகினார். சொட்டு அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிவந்தார். இரண்டு தடவையும் அவள் கிளாஸை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இதையும் அதே கலர்ல அடிச்சுடச் சொல்லட்டுமா? ஒரே வேலையாப் போயிடும்."

"கைய வைங்க பாக்கலாம்" என்றாள். "அது அப்படியே இருக்கும். வாரத்துக்கு மூணு நாள் உங்க அப்பா தட்டுவாரு. நீங்க பக்கத்துல நின்னு கேக்கணும்."

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெயின்ட் காயவைக்கிற சூட்டறையிலிருந்து கார் வெளியே வந்தது. பட்டறைக்காரர் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துச் சாவியை நீட்டினார். மேலே ட்யூப்லைட் மினுக்கியது.

"இங்கயே இருக்கட்டும். காலைல ஆறரைக்கு வர்றேன். வெளிச்சத்துல பாத்துத்தான் எடுப்பேன்."

"ஆறரைக்கா? நாங்க ஒம்பதுக்குத்தான்க்கா திறப்போம்."

"ஆறரைன்னா உங்களுக்குப் புடிச்ச நேரமாச்சே."

புதன்கிழமை ஆறு இருபத்தைந்துக்கே பட்டறைக் கதவு திறந்திருந்தது. பட்டறைக்காரர் தூங்காத கண்ணோடு காரை வெளியே நிறுத்தியிருந்தார். அவள் நாலு பக்கமும் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கதவு நசுங்கினது என்று சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லவில்லை. சொட்டு அண்ணனுக்கு மட்டும் ஒரு தலையசைப்பு. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாமனாருக்கு இரவெல்லாம் சரியாகப் படுக்க முடியவில்லை. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். காலையில் முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. எட்டே காலுக்கு அவரைப் படிக்கு அழைத்து வந்தாள். வீட்டுக்காரர் பின் கதவைத் திறந்து வைக்கப் போனார். "தொடாதீங்க. மூடியே இருக்கட்டும். அவரே பாக்கட்டும்" என்றாள்.

அவர் பார்த்தார். கேட் கம்பியை ஒரு கை தேடியது. பிறகு அந்தக் கை கீழே இறங்கி, முன்னால் நீண்டது.

"டிக்கெட்."

அவள் பில் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். புரட்டினார், நகத்தால் கீறினார், பையில் வைத்தார். நாலு எட்டு நடந்து பின் சக்கரத்துக்குப் போனார். மூச்சு இரைத்தது. பெட்ரோல் மூடியை இரண்டு தட்டு.

"இது செல்லாது."

இந்தத் தடவை அவள் எழுதி வைக்கிறேன் என்று சொல்லவில்லை. "ஆமா மாமா. செல்லாதுதான். நீங்க சொன்னது சரி."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. "யாரோடது?"

"உங்க மகனோடது. இதோ நிக்கறாரே."

மாமனார் மகனை மேலிருந்து கீழே பார்த்தார். யாரென்று தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

"செல்லாத டிக்கெட்டோட வண்டில வரக் கூடாது. இறக்கி விடு."

சொல்லிவிட்டு, வலது கையால் கம்பத்தைப் பிடித்து, புதுப் பச்சைக் கதவுக்குள் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் பெல்ட்டை மாட்டிக் கதவைச் சாத்தினாள். நல்ல சத்தத்தோடு பூட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே முன் கதவுப் பிடியில் கை வைத்தார். அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறியிருந்த அவள் உள்ளேயிருந்து பூட்டை அழுத்தியிருந்தாள்.

"ஏய், விளையாடாத. சென்டர்ல நான் வேணாமா?"

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாள். "செக்கர் சொல்லிட்டாரு. பஸ்ல வாங்க" என்றாள். வண்டி கிளம்பியது.